ஆஸ்பத்திரியில் ஊழியம் செய்யும் சாமியார் மகனுக்கு

சேசு மரி சூசை

வடக்கன்குளம்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அம்மைக்குத்தான் கொஞ்சம் அசதி, அதைப் பிறகு சொல்கிறேன். உன்னிடமிருந்து போனே இல்லை. ஆஸ்பத்திரி ஊழியத்தில் ராத்திரி பகல் கிடையாது, தெரியும். ஆனாலும் ஞாயிறு பூசை முடிந்து அம்மையிடம் இரண்டு வார்த்தை பேசலாம்.

நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கிற நோயில்பூசுதலுக்கு, மூச்சு இழுக்கும்வரை யாரையும் காக்க வைக்காதே. நம் சனம் இன்னும் அதை சாகிற நேரத்து அவஸ்தைப் பூசுதல் என்றே நினைக்கிறது. சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு வந்தால் நோயாளி பயந்துவிடுவார் என்று, கண் செருகின பிறகுதான் ஆள் அனுப்புவார்கள். செத்தவருக்குப் பூசுதல் கிடையாது, செபம்தான். உயிர் இருக்கிறதா என்று சந்தேகமானால் பூசிவிடு. சாகக் கிடப்பவருக்கு மட்டும் உரியதல்ல என்று வத்திக்கான் சங்கம் 1963-லேயே சொல்லியாயிற்று. கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று பூசின பழைய முறையை 1972-ல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் மாற்றி, நெற்றியும் கைகளும் போதும் என்றார். மூப்பில் தளர்ந்தவருக்குக் கொடுக்கலாம். கடுமையான நோய்க்கு ஆப்பரேசன் என்றால் அதற்கு முன்னாலேயே கொடுக்கலாம். தேறினவர் மறுபடி விழுந்தாலும், அதே நோய் முற்றினாலும் திரும்பக் கொடுக்கலாம்.

நோயாளிக்குப் பேச்சு இருக்கும்போதே போனால்தான் பாவசங்கீர்த்தனம் கேட்க முடியும். அப்போது மட்டும் வீட்டாரை வெளியே நிறுத்து, பிறகு எல்லாரையும் உள்ளே கூப்பிடு. வேதத்தில் நோயாளிக்கு எண்ணெய் பூசச் சொல்லும் யாக்கோபு நிருபப் பகுதியை மகனோ மகளோ வாசிக்கட்டும். தலைமேல் கை வைத்துப் பேசாமல் நிற்கிற இடத்தில் அவசரப்படாதே. அநேக சாமிமார் அதைத் தொட்டும் தொடாமலும் முடித்துவிடுகிறார்கள், எனக்கு அது பிடிக்காது. நெற்றியில் பூசும்போது செபத்தின் முதல் பாதி, கைகளில் பூசும்போது மறு பாதி. கையில் டிரிப்ஸ் ஊசி இருந்தால் பிளாஸ்திரியில் எண்ணெய் படக் கூடாது, பிடி விட்டுப்போகும். அவசரமானால் நெற்றியில் மட்டும் போதும். நெற்றியில் கட்டுப் போட்டிருந்தால் வேறு இடத்தில் பூசு. ஆக்சிஜன் ஓடுகிற இடத்தில் மெழுகுதிரி கொளுத்தவே கூடாது. தொற்று நோயென்றால் பஞ்சில் தொட்டுப் பூசி, அந்தப் பஞ்சை எரித்துவிடு.

சிமிழில் பஞ்சை வைத்து நனைகிற அளவுக்கே எண்ணெய் விடு, நிறைய விட்டால் வெயிலில் கசிந்து அங்கியெல்லாம் ஆகும். பெரிய வியாழனை ஒட்டி ஆயர் மந்திரித்த புது எண்ணெய் வந்ததும் பழையதை எரித்துவிட்டு மாற்று. கிறிஸ்மா என்கிற மற்ற மந்திரித்த எண்ணெயின் சிமிழும் இதுவும் ஒன்றுபோல இருக்கும், எழுத்தைப் பார்த்து எடு.

சாகிற வேளைக்கென்று உள்ளது கடைசி நன்மை என்கிற நற்கருணைதான், பூசுதல் அல்ல. முழுங்க முடியாதவருக்கு அப்பத்தில் ஒரு சின்னத் துணுக்கு, கூட ஒரு ஸ்பூன் தண்ணீர். நினைவு தப்பினவருக்கும் காது கேட்கலாம், காதருகே மெதுவாக மந்திரம் சொல்லு. இதெல்லாம் நீ படித்ததுதான். குருப்பட்டத்தில் உன் கையில் ஆயர் கிறிஸ்மா பூசின நாளை அம்மை இன்னும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அப்படிப்பட்டவளுக்குத்தான் நீ ஒரு போன் போட மாட்டேன் என்கிறாய்.

மறுபடியும் சொல்கிறேன், கடைசி நேரத்துக்கென்று எதையும் தள்ளி வைக்காதே. அம்மைக்கு வயிற்றில் கட்டி. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் ஆப்பரேசனுக்கு அடுத்த புதன்கிழமை சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பங்குச்சாமி பூசுகிறேன் என்றுதான் சொன்னார். இவள் அதற்கென்ன அவசரம் என்று பேச்சை மாற்றிவிட்டாள். யாருக்காகக் காத்திருக்கிறாள் என்று நான் எழுத வேண்டியதில்லை. உனக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டாள், நான் கொடுக்கவில்லை.

செவ்வாய் ராத்திரிக்குள் வீட்டுக்கு வந்துவிடு. லீவு கிடைக்காவிட்டால் உடனே எனக்குச் சொல்லு, பங்குச்சாமியைக் கூப்பிட்டுக்கொள்கிறேன்.

உன் அப்பா