டோல் வருவதற்கு முன் அணைத்துவிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இப்போது மைவி, அல்சா போன்ற உள்ளூர் கார்களிலேயே, விலை கூடிய ரகத்தில், அடாப்டிவ் குரூஸ் கன்ட்ரோல் வந்துவிட்டது, அதாவது நாம் வைத்த வேகத்தில் கார் தானே ஓடி, முன்வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி. நல்ல வசதிதான், கோலாலம்பூரிலிருந்து பினாங்கு வரை ஓட்டுகிறவரின் காலுக்குக் கொஞ்சம் ஓய்வு. ஆனால் சிலர் அதைப் போட்டுவிட்டு போனை நோண்டுகிறார்கள், கேட்டால் ‘கார் பார்த்துக்கொள்ளும்’ என்கிறார்கள். என்னத்தைப் பார்த்துக்கொள்ளும்?

முன்னால் ஓடுகிற வண்டியோடு இடைவெளி விடுவதுதான் அதன் வேலை. நின்றுகொண்டிருக்கும் வண்டியை அது கண்டுகொள்ளாமல் போகலாம் என்று பல கார்களின் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. முன்னால் போன கார் சட்டென்று தடம் மாற, அங்கே பழுதாகி நிற்கும் லோரி தெரிகிறது என்று வையுங்கள், 110 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 30 மீட்டர் ஓடிவிடுவோம், யோசிக்க நேரம் ஏது? தடத்தின் ஓரமாகப் போகும் மோட்டார் சைக்கிளும் அப்படித்தான், தாமதமாகத்தான் அதன் கண்ணில் படும். ஈப்போவைத் தாண்டி வரும் மெனோரா சுரங்கப்பாதைப் பக்கத்து வளைவுகளில் முன்வண்டியைத் தவறவிட்டால் கார் தானே வேகம் கூட்டவும் செய்யும். அடைமழையில் கேமராவும் ரேடாரும் தடுமாறும், அப்போது அணைத்துவிடுவதே சரி. வண்டிகள் வரிசையில் நிற்கும் டோல் வருவதற்கு முன்பும்தான்.

கார் விற்கிறவர்கள் சாவியைக் கொடுக்கும்போது இதையும் பத்து நிமிடம் சொல்லிக்கொடுத்தால் என்ன? இருக்கைத் தோலைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் பேசுகிறார்களே!

வாசகர், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்