பதக்கச் செய்தியில் பந்தயம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டனின் பாராலிம்பிக் சைக்கிள் வீராங்கனை சாரா ஸ்டோரியைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தமிழில் அதிகம் எழுதப்படாத ஒருவருக்கு இடம் கொடுத்ததற்கு நன்றி. ஆனால், கட்டுரையின் பெரும்பகுதி பிறவியிலேயே வளராமல் போன அவருடைய இடக்கையைச் சுற்றியே நின்றுவிட்டது. அவர் வென்ற பந்தயங்களோ கடைசிப் பத்தியில் பதக்க எண்ணிக்கையாகச் சுருங்கிவிட்டன. அந்தக் குறையைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

1992 பார்சிலோனாவில் 14 வயதில் நீச்சலில் தங்கம் வென்றவர், 2005இல் காதில் ஏற்பட்ட தொற்றால் தண்ணீரில் இறங்க முடியாமல் போனபோது சைக்கிளுக்கு வந்தார். 2024 பாரிஸில் தம்முடைய 19ஆவது பாராலிம்பிக் தங்கத்தை வென்றபோது அவருக்கு வயது 46. அங்கே நேரத்தோடு போட்டியிடும் டைம் டிரையலில், 19 வயதேயான பிரான்சின் ஹைடி கோகானை அவர் முந்தியது 5 வினாடிக்கும் குறைவான வித்தியாசத்தில்தான். இரண்டு நாள் கழித்து நடந்த சாலைப் பந்தயத்திலும் அதே இருவர் எல்லைக்கோடு வரை ஒருவரையொருவர் விடாமல் விரட்டி வந்தார்கள். டைம் டிரையலின் தூரத்தை வெறும் 14.1 கிலோமீட்டராக வைத்துவிட்டார்களே என்று வென்ற பிறகும் வெளிப்படையாகக் குறைப்பட்டவர் அவர். தம் கையைப் பற்றி அல்ல, பாதையின் நீளத்தைப் பற்றித்தான் அவருக்கு ஆதங்கம். ஒரு விளையாட்டு வீராங்கனை எதை நினைத்து வாழ்கிறார் என்பது எனக்கு அந்த இடத்தில்தான் புரிந்தது.

இன்னொன்றும் விடுபட்டிருக்கிறது. 2010இல் டெல்லியில் நடந்த காமன்வெல்த் போட்டியில், உடற்குறை இல்லாத வீராங்கனைகளோடு சேர்ந்து இங்கிலாந்துக்காக அவர் ஓட்டினார். தடத்தின் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து இருவர் புறப்பட்டு ஒருவரையொருவர் துரத்தும் பர்சூட் பந்தயத்தில் ஆறாவதாக வந்தார். நம் தலைநகரிலேயே நடந்த இதை நம் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டாமா?

எனக்கு இதில் இவ்வளவு அக்கறை ஏன் என்று கேட்கலாம். மூன்று வயதில் இளம்பிள்ளை வாதத்தால் என் இடக்கால் சூம்பிப் போனது. முப்பது ஆண்டுகள் சைக்கிளில்தான் வேலைக்குப் போய் வந்தேன். எல்லோரும் சைக்கிளுக்கு இடப்புறம் நின்று, இடக்காலைப் பெடலில் ஊன்றி ஏறுவார்கள். எனக்கு அந்தக் கால் தாங்காது என்பதால் செயின் இருக்கும் வலப்புறத்தில் நின்று ஏறப் பழகினேன். பழகும்வரை எத்தனை கால்சட்டைகள் செயினில் மாட்டிக் கிழிந்தன என்பதற்குக் கணக்கில்லை. இடப் பெடலில் பாதம் நழுவாமல் இருக்க, எங்கள் தெருச் சைக்கிள் கடைக்காரர் பழைய டியூப்பை வெட்டி ஒரு வளையம் கட்டிக் கொடுத்தார். வலக்கால் மிதித்த வேகத்திலேயே அந்த வலப் பெடல் மறுபடி மேலேறி வந்துவிட வேண்டும். எதிர்க்காற்று அடிக்கும் ஆடி மாதத்தில் அந்த அரைச்சுற்றுதான் உயிரை எடுக்கும். வழியில் என்னைப் பார்த்தவர்களில் சிலர் "பாவம்" என்றார்கள், சிலர் "சபாஷ்" என்றார்கள். எப்படி ஓட்டுகிறாய் என்று கேட்டவர் அந்தக் கடைக்காரர் ஒருவர்தான்.

பந்தயத்தில் ஓட்டுபவர்களின் வாழ்க்கை முழுவதும் இந்த "எப்படி"யில்தான் கழிகிறது என்று நினைக்கிறேன். ஒரு கையால் ஓட்டுபவர் சாலையில் இரண்டு சக்கரங்களின் பிரேக்கையும் ஒரே பிடியில் இயக்கும்படி அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். உள்ளரங்கத் தடத்தில் ஓட்டும் சைக்கிளுக்குப் பிரேக்கே கிடையாது; தொடக்கத்தில் எழுந்து நின்று ஹேண்டில் பாரை இரு கைகளாலும் இழுத்து வேகம் எடுக்க வேண்டிய இடத்தில், ஒரு பக்கத்து இழுப்பை உடலின் மறுபக்கம் சரிக்கட்டியாக வேண்டும். சாதாரண சைக்கிளில் ஓட்டுபவர்களை சி1 முதல் சி5 வரை ஐந்து பிரிவுகளாகப் பிரிக்கிறார்கள். எண் குறையக் குறைய உடற்குறையின் தாக்கம் அதிகம். ஸ்டோரி சி5. கையால் பெடல் சுற்றுபவர்களுக்கும், மூன்று சக்கர சைக்கிளில் ஓட்டுபவர்களுக்கும், பார்வையுள்ள ஒருவர் முன்னால் அமர்ந்து வழிநடத்தப் பின்னால் அமர்ந்து ஓட்டும் பார்வையற்றவர்களுக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. இதைச் சொல்லாமல் பதக்கத்தை மட்டும் சொன்னால், யார் யாரோடு மோதினார்கள் என்பதே வாசகருக்கு விளங்காது.

பாரிஸ் பாராலிம்பிக்கில் இந்தியா முதன்முறையாக சைக்கிள் பந்தயத்துக்கு ஆள் அனுப்பியது. ஆந்திரத்தின் அர்ஷத் ஷேக், மகாராஷ்டிரத்தின் ஜோதி கதேரியா ஆகிய அந்த இருவரும் பதக்கம் பெறவில்லை. இந்தியா அங்கே வென்ற 29 பதக்கங்களின் மகிழ்ச்சியில், இருவரையும் பற்றி ஒரு வரிகூட நான் பார்த்த தமிழ் ஏடுகளில் வரவில்லை. பதக்கம் கிடைத்தால் தன்னம்பிக்கைக் கட்டுரை, கிடைக்காவிட்டால் மௌனம் என்ற வழக்கம் எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இத்தகைய பந்தயம் நடக்கும்போது, அந்தச் செய்தியை விளையாட்டுப் பக்கத்திலேயே வெளியிடுங்கள். வீரரின் பிரிவு, பந்தய தூரம், எடுத்துக்கொண்ட நேரம், முதலாமவருக்கும் அவருக்கும் இடையே இருந்த வினாடிகள் ஆகியவற்றையும் சேர்த்து அச்சிடுங்கள்.

அன்புடன்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மன்னார்குடி.