விதை வாங்குவதற்கு முன்னால்

அன்பு மகளுக்கு,

உன் கடிதமும் நீ வரைந்து அனுப்பிய தோட்டப் படமும் வந்து சேர்ந்தன. 8 அடி நீளம், 4 அடி அகலத்தில் இரண்டு பாத்தி, பின்சுவரை ஒட்டி ஆறு தொட்டி, அத்தனையிலும் சேர்த்துப் பதினாறு வகைக் காய்கறி. படம் நன்றாக இருக்கிறது. அந்தப் பதினாறைத்தான் பாதியாக்கச் சொல்வேன். இடம் பற்றாது என்பதற்காக இல்லை, தண்ணீர்க் கணக்கு ஒத்துவராது.

நீயே போட்டுப் பார். செடிகள் நன்றாக வளர்ந்து நிற்கும் பாத்திக்கு வாரத்துக்கு ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் நீர் வேண்டும். அதாவது சதுர மீட்டருக்கு 25 லிட்டர். உன் பாத்தி ஒன்று 32 சதுர அடி, கிட்டத்தட்ட 3 சதுர மீட்டர். ஒரு பாத்திக்கு 75 லிட்டர், இரண்டுக்கும் 150. வெயிலும் காற்றும் சேர்ந்து அடிக்கும் வாரங்களில் இது இரட்டிப்பாகும். 10 லிட்டர் பூவாளியைத் தூக்கினால் வாரத்துக்கு 15 நடை, கடும் வெயிலில் 30. தொட்டிகள் இந்தக் கணக்கில் சேரவில்லை. அவற்றுக்கு வெயில் காலத்தில் தினமும், சில நாள் காலை மாலை இரண்டு வேளையும் ஊற்ற வேண்டியிருக்கும். குழாய் பாத்திவரை எட்டுமென்றால் கவலை இல்லை. எட்டாதென்றால் இந்தப் பருவத்துக்கு ஒரு பாத்தியோடு நிறுத்திக்கொள். நடும்போது இருக்கும் உற்சாகத்தை வைத்துத் திட்டம் போடாதே, வேலை முடிந்து அசந்து வந்து நிற்கும் மாலையை வைத்துப் போடு.

அடுத்தது வெயில். ஒரு விடுமுறை நாளில் காலை 8 மணியிலிருந்து மாலை 5 வரை மணிக்கொரு தடவை, நிழல் எதுவரை விழுகிறது என்று உன் படத்திலேயே கோடு போட்டு வை. தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொடிக்காய்கள் எல்லாவற்றுக்கும் 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். குறைந்தால் செடி உயரமாக, பச்சையாக நிற்கும், காய் மட்டும் வராது. முள்ளங்கி 4, 5 மணி நேரத்தில் சமாளிக்கும். கீரைக்கு 3, 4 மணி போதும். பருவம் மாறும்போது நிழலும் இடம் மாறும். தொட்டியை நகர்த்திவிடலாம், பாத்தி போட்ட இடத்தில்தான் இருக்கும். அதனால் நல்ல வெயில் விழும் இடத்தைப் பாத்திக்குக் கொடு. உயரமாகப் போகும் செடியைத் தன் நிழல் மற்றவை மேல் விழாத ஓரத்தில் வை.

படத்தில் இரண்டு பாத்திக்கும் நடுவே ஓரடிதான் விட்டிருக்கிறாய். ஒன்றரை அடியாக்கு. தக்காளி புதராகப் படர்ந்த பிறகு ஓரடி வழியில் பூவாளியோடு நடக்க முடியாது, பாத்திக்குள் கால் வைப்பாய். மிதித்த மண் இறுகினால் வேருக்குக் காற்று போகாது. 4 அடி அகலம் என்பது இருபக்கமும் நின்று கை நீட்டினால் நடுவை எட்டத்தான். ஒரு பக்கம் சுவர் வந்தால் 2 அடிக்கு மேல் போகாதே.

இனி மண். இதில் அவசரப்பட்டால் பருவம் முழுக்க அதன் பின்னாலேயே ஓட வேண்டியிருக்கும். பாத்தி வரப்போகும் இடத்தில் ஓரடி ஆழம், ஓரடி அகலத்தில் குழி வெட்டி நீரால் நிரப்பு. அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, இந்த இரண்டாம் தடவை மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று ஒரு குச்சியால் அளந்து பார். மணிக்கு ஓர் அங்குலம் முதல் மூன்று அங்குலம்வரை இறங்கினால் நல்ல மண். ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் வேர் அழுகும். அங்கே கீழே வெட்டாமல், 8 முதல் 10 அங்குலம் உயர்த்தி மேட்டுப்பாத்தியாகப் போடு. சரசரவென்று வடிந்துபோனால் மணல் அதிகம், மக்கு உரமும் மூடாக்கும் (மண்மேல் பரப்பும் காய்ந்த இலை, வைக்கோல்) கூடுதலாக வேண்டும்.

மண்ணின் தன்மையை இன்னும் தெளிவாகப் பார்க்க ஒரு கண்ணாடிப் புட்டி போதும். மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டு சொட்டு. ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்கி அசையாமல் வை. ஒரு நிமிடத்தில் அடியில் படிவது மணல். இரண்டு மணி நேரத்தில் அதன் மேல் வண்டல் படியும். களிமண் ஒரு நாள், சில சமயம் அதற்கும் மேல் எடுத்துக்கொள்ளும். களி பாதிக்கு மேல் இருந்தால் மணலைக் கொட்டிச் சரிசெய்யப் பார்க்காதே. கொஞ்சம் மணலும் நிறையக் களியும் சேர்ந்து காய்ந்தால் செங்கல்தான். அதற்கும் மருந்து மக்கு உரமே.

எவ்வளவு உரம் என்று கேட்டிருந்தாய். பாத்தி முழுக்க 2 அங்குல உயரத்துக்குப் பரப்பி, மேல் 6 முதல் 8 அங்குல மண்ணோடு கலக்க வேண்டும். 32 சதுர அடிக்கு இது 150 லிட்டர் அளவு வரும். தொழுவுரம் என்றால் நன்றாக மக்கியதாக இருக்க வேண்டும். கையில் எடுத்தால் ஈரமண் வாசனை வர வேண்டும், சாண நெடி அடிக்கக் கூடாது. மக்காத சாணம் சூடேறி வேரைக் கருக்கும், களை விதையையும் கூடவே கொண்டுவரும், நோய்க்கிருமியும் இருக்கும். மண்ணைத் தொட்டு விளையும் கீரைக்கும் முள்ளங்கிக்கும் பச்சைச் சாணம் போட்டால் அறுவடைக்கு 4 மாதம் இடைவெளி வேண்டும். மரத்தூளை மண்ணோடு கலக்கவே கூடாது. அது மக்குவதற்கு மண்ணில் உள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) இழுத்துக்கொள்ளும், செடி மஞ்சளடிக்கும்.

கொத்துவதற்கு நாள் பார்ப்பது மண்ணைப் பார்த்துத்தான். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடி. கையைத் திறந்து விரலால் லேசாகத் தட்டும்போது உதிர்ந்தால் கொத்தலாம். உருண்டை அப்படியே பளபளவென்று நின்றால் இரண்டு நாள் பொறு. ஈரக் களியைக் கொத்தினால் கட்டி கட்டியாகக் காயும், அந்தப் பருவத்தில் அது உடையாது.

தொட்டிக்குத் தோட்ட மண்ணை மட்டும் நிரப்பாதே, நாலு தடவை தண்ணீர் ஊற்றினால் இறுகிவிடும். மண், ஊறவைத்த தென்னை நார்க்கழிவு, மக்கு உரம் மூன்றும் அளவில் சமபங்கு. நார்க்கழிவில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தடவை அலசிவிட்டுச் சேர். கீரைக்கு 6 அங்குல ஆழம் போதும். மிளகாய்க்கு 10 லிட்டர், தக்காளி கத்தரிக்கு 20 லிட்டர், கொடிக்கு 40 லிட்டர் கொள்ளளவு வேண்டும். அடியில் ஜல்லி போட்டால் நீர் நன்றாக வடியும் என்பார்கள். உண்மையில் ஈரம் தங்கும் மட்டம் வேருக்குப் பக்கத்தில் ஏறிவிடுகிறது. துளைமேல் ஒரு துண்டு வலை போதும்.

பதினாறை எட்டாகக் குறைத்து நான் போட்ட திட்டம் இது. முதல் பாத்தியில் ஓர் ஓரமாக 2 அடிக்கு ஒன்றாக 4 தக்காளி. இரண்டரை அடி தள்ளி மறு ஓரத்தில் 2 கத்தரி, 2 மிளகாய். மூன்றும் ஒரே குடும்பம், ஒரே நோய், ஒரே பூச்சி. ஒன்றாக ஒரு பாத்தியில் வைத்தால்தான் அடுத்த பருவத்தில் மொத்தமாக இடம் மாற்ற முடியும். தொடர்ந்து ஒரே மண்ணில் போட்டால் வேரில் முடிச்சு விழவைக்கும் நூற்புழு பெருகும், வாடல் நோயும் தங்கும். இரண்டாம் பாத்தியில் ஓரடிக்கு ஒன்றாக 8 வெண்டை ஒரு வரிசை, 6 அங்குலத்துக்கு ஒன்றாக 16 புதர் பீன்ஸ் ஒரு வரிசை, நடுவில் முள்ளங்கி. சுவரோரத் தொட்டியில் இரண்டு பீர்க்கை, மீதித் தொட்டிகளில் கீரை. வெண்டை இரண்டு செடி போதுமென்று எழுதியிருந்தாய். போதாது. ஒரு செடியில் ஒரு நாளைக்கு ஒரு காய்கூட நிச்சயமில்லை, முற்றுவதற்குள் பறித்துவிடவும் வேண்டும். கத்தரி அப்படியில்லை, இரண்டு செடியே திகட்டும்படி காய்க்கும்.

நாற்றுவிடும் நாளைப் பின்னிருந்து எண்ணு. மிளகாய் நாற்று தயாராக 40 முதல் 45 நாள், கத்தரிக்கு 30 முதல் 35, தக்காளிக்கு 25 முதல் 30. நடும் தேதியை முடிவு செய்துவிட்டு முதலில் மிளகாய் விதை, பத்து நாள் கழித்துக் கத்தரி, இன்னொரு வாரம் விட்டுத் தக்காளி. மூன்றையும் ஒரே நாளில் போட்டால் தக்காளி, நாற்று வளர்க்கும் குழித்தட்டிலேயே நெடுநெடுவென்று வளர்ந்து கெட்டுவிடும். பழைய விதை என்றால் பத்தை எடுத்து ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பார். ஏழு முளைத்தால் போடலாம்.

குழித்தட்டில் அரை சென்டிமீட்டர் ஆழம். எந்த விதையானாலும் அதன் பருமனைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆழம்தான், அதற்கு மேல் புதைத்தால் முளை மேலே வரச் சக்தி இருக்காது. முளைக்கும்வரை மூடி வைக்கலாம். முதல் முளை தெரிந்த அன்றே மூடியை எடுத்துவிட்டு வெளிச்சத்துக்குக் கொண்டுபோ. ஒரு நாள் தாமதித்தாலும் தண்டு நூலாக நீளும். நாற்று தரைமட்டத்தில் இளைத்துக் கறுத்து, வெட்டியதுபோல் சாய்ந்தால் அது நாற்றழுகல். நெருக்கமும் ஓயாத ஈரமும் காற்றில்லாத இடமுமே காரணம். சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது. பக்கத்தில் உள்ளதைக் காப்பாற்ற, மேல்மண் காயும்வரை ஊற்றாதே. நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து நாற்றை வெளியில் வைத்துப் பழக்கு. முதல் நாள் ஒரு மணி நேர வெயில், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. நடவு மாலையில். தக்காளியை மட்டும் கீழ் இலையைக் கிள்ளிவிட்டுத் தண்டின் பாதிவரை புதை, புதைந்த தண்டிலும் வேர்விடும். கத்தரியும் மிளகாயும் தட்டில் இருந்த மட்டத்திலேயே இருக்கட்டும். தக்காளியைத் தாங்கிக் கட்டக் குச்சி நடுவதையும் அன்றே செய்துவிடு, பிறகு குத்தினால் வேர் அறும்.

மற்றவை நேர்விதைப்பு. வெண்டையை ஓர் இரவு ஊறவைக்கலாம். பீன்ஸை ஊறவைக்காதே, தோல் வெடித்து மண்ணில் அழுகும். முள்ளங்கியைப் பிடுங்கி நட்டால் கிழங்கு கிளைவிடும், அதனால் நேராகப் போட்டு 3 அங்குலத்துக்கு ஒன்றாகக் கலைத்துவிடு. கீரை விதையை நுண்மணலோடு கலந்து தூவி, மேலே மண் போடாமல் உள்ளங்கையால் அழுத்திவிட்டால் போதும். பிறகு எறும்பைக் கவனி, ஒரே இரவில் விதையைச் சுமந்துபோய்விடும். கீரை மொத்தத்தையும் ஒரே நாளில் விதைக்காமல் 15 நாளுக்கு ஒரு தொட்டியாக விதைத்தால் ஓயாமல் வரும்.

நட்டு வேர்பிடித்ததும் 2, 3 அங்குலம் காய்ந்த இலையோ வைக்கோலோ மூடாக்குப் போடு. தண்டைச் சுற்றி இரண்டு விரற்கடை இடைவெளி விடு, ஒட்டிக் கிடந்தால் தண்டு அழுகும். தண்ணீர் காலையில், இலை மேலே இல்லாமல் அடியில். விரலை 2 அங்குலம் உள்ளே விட்டு ஈரமிருந்தால் அன்று ஊற்ற வேண்டாம். தினமும் மேலோட்டமாகத் தெளிப்பது வேரை மேலேயே நிறுத்திவிடும்.

தக்காளியின் அடிப்பாகம் கறுத்துக் குழிந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று முட்டை ஓட்டைக் கொட்டச் சொல்வார்கள். பெரும்பாலும் மண்ணில் சத்து இருக்கும், ஒரு நாள் வறண்டு ஒரு நாள் வெள்ளமாக ஊற்றுவதால் அது காய்க்குப் போய்ச் சேராது. நீரைச் சீராக்கினால் அடுத்த காய்கள் சரியாக வரும். பகல் 35 டிகிரியைத் தாண்டினால் பூ உதிரும். அப்போது உரம் போடாதே, வெப்பம் தணியட்டும். செடி தழைத்துப் பூக்காமல் நின்றால் தழைச்சத்து மிஞ்சிவிட்டது. நட்ட மூன்று வாரத்துக்குப் பிறகு 15, 20 நாளுக்கு ஒருமுறை செடிக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரமே தாராளம்.

மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப்பேன். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு சேர்த்து, வெயில் இறங்கிய பிறகு அடிப்பக்கம் நனையத் தெளி. வெண்டையில் இலை நரம்பு மட்டும் மஞ்சளாக வலைபோல் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி (வைரஸ்) நோய். மருந்து கிடையாது, அன்றே பிடுங்கி அப்புறப்படுத்து.

பீர்க்கையில் முதலில் வருவதெல்லாம் ஆண்பூதான். உதிர்கிறதே என்று பதறாதே. பெண்பூவுக்கு அடியில் விரல்நுனி அளவு பிஞ்சு ஒட்டியிருக்கும். அந்தப் பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கினால் மகரந்தம் சேரவில்லை என்று அர்த்தம். பூசணியும் பாகலும் காலையில் பூக்கும், பீர்க்கையும் சுரையும் பொழுது சாயும்போது பூக்கும். அதனால் மாலையில் ஓர் ஆண்பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, அதன் மஞ்சள் பொடி பெண்பூவின் நடுவில் ஒட்டும்படி மெல்லத் தடவிவிடு. ஓர் ஆண்பூ இரண்டு மூன்று பெண்பூவுக்கு ஆகும்.

இப்போதைக்குக் குழி வெட்டி நீர் இறங்கிய அளவையும், நிழல் கோடு போட்ட படத்தையும் அனுப்பு. குழாய் எட்டுமா என்பதையும் எழுது.

அன்புடன்,
அப்பா