துபாய் பள்ளி வேலை: ராஜினாமா எழுதும் முன் பார்க்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வரி விளம்பரப் பக்கங்களில் ‘துபாய் பள்ளிக்கு ஆங்கில ஆசிரியர்கள் தேவை, பி.எட். போதும், உடனடி விசா’ என்பது போன்ற அறிவிப்புகள் கூடிவிடுகின்றன. அங்குள்ள இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளுக்குக் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால் அந்த நேரத்தில் ஆள் தேடுவது இயல்புதான். பிரிட்டிஷ், அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளிகள் ஆகஸ்ட் கடைசியில் திறக்கும். இவற்றுக்குப் பொருந்தாத மாதத்தில், அதுவும் ‘அடுத்த வாரமே வர வேண்டும்’ என்று அழைப்பு வந்தால், நடு ஆண்டில் ஓர் ஆசிரியர் போய்விட்டார் என்று பொருள். ஏன் போனார் என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

போகப்போகும் பள்ளியைப் பற்றி நம்மவர்கள் அந்தப் பள்ளியின் இணையதளத்தையும் ஏஜென்ட்டையும் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. துபாயைப் பொறுத்தவரை அவற்றை மட்டும் நம்பியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. தனியார் பள்ளிகளை மேற்பார்வையிடும் கே.எச்.டி.ஏ. என்ற அரசு ஆணையம், 2008 முதல் நடந்த ஆய்வுகளின் அறிக்கைகளைத் தன் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அபுதாபிக்கு அடெக், சார்ஜாவுக்கு எஸ்.பி.இ.ஏ. என்று அமைப்புகள் உண்டு. பள்ளியின் பெயர் இந்தத் தளங்களில் இல்லை என்றால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. டியூஷன் சென்டரைப் பள்ளி என்று சொல்லி ஆள் எடுப்பவர்கள் இந்த இடத்திலேயே சிக்கிவிடுவார்கள்.

துபாய் அறிக்கையில் அவுட்ஸ்டாண்டிங் முதல் வெரி வீக் வரை ஆறு தரநிலைகள் உண்டு. பெற்றோர் தரநிலையைப் பார்க்கட்டும். வேலைக்குப் போகிறவர் பார்க்க வேண்டியது பள்ளி விவரம் உள்ள தொடக்கப் பக்கத்தை. மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, ஆசிரியர்–மாணவர் விகிதம், இவற்றோடு ‘டீச்சர் டர்ன்ஓவர்’ என்று ஒரு சதவீதம் இருக்கும். ஓராண்டில் எத்தனை பேர் விலகினார்கள் என்பதை அது காட்டும். வெளிநாட்டு ஊழியர்களை நம்பி நடக்கும் ஊரில் 10, 15 சதவீதம் சாதாரணம். தொடர்ந்து மூன்று அறிக்கைகளிலும் 30-ஐத் தாண்டினால், சம்பளமோ நிர்வாகமோ வேலைப்பளுவோ, ஏதோ ஒன்று ஆட்களை விரட்டுகிறது. விகிதம் 1:15 என்றிருப்பதை வைத்து வகுப்பில் 15 பேர்தான் என்று நினைத்துவிடக் கூடாது. இசை, விளையாட்டு ஆசிரியர்களையும் சேர்த்து வகுத்த கணக்கு அது. வகுப்பில் 30 பேர் உட்கார்ந்திருக்கலாம். எனவே வகுப்பின் அளவையும், வாரத்துக்கு எத்தனை பீரியட் என்பதையும், சப்ஸ்டிடியூஷன் பீரியட் அதில் சேருமா என்பதையும் நேர்காணலிலேயே கேளுங்கள். 2024-25-ல் பெரும்பாலான பள்ளிகளில் முழு ஆய்வு நடக்கவில்லை. கைக்குக் கிடைப்பது அதற்கு முந்தைய அறிக்கையாக இருக்கும் என்பதால், இப்போது அங்கே வேலை செய்யும் இரண்டு ஆசிரியர்களிடமாவது பேசிவிடுவது நல்லது. அவர்களைப் பள்ளி தேர்ந்தெடுத்துத் தரக் கூடாது. நீங்களே தேடிப் பிடிக்க வேண்டும்.

அடுத்தது ஆஃபர் லெட்டர். பள்ளியின் லெட்டர்ஹெட்டில் வரும் பி.டி.எஃப். வெறும் பேச்சுவார்த்தைதான். அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் படிவத்தில், எண்ணோடு வருவதுதான் செல்லும். அரபு, ஆங்கிலத்தோடு மூன்றாவதாக ஒரு மொழியிலும் அதைத் தரும் ஏற்பாடு உண்டு. அந்த மொழிகளில் தமிழும் இருக்கிறது. பின்னால் கையெழுத்தாகும் ஒப்பந்தம் இதற்குக் குறைவாக இருக்கக் கூடாது. ‘முதலில் விசிட் விசாவில் வாருங்கள், மாற்றிக்கொள்ளலாம்’ என்ற பேச்சுக்குத் தலையாட்டாதீர்கள். வேலை அனுமதி வருமுன் வகுப்பெடுப்பது சட்டவிரோதம். அப்படி ஆள் வைத்தால் பள்ளிக்கு ஒரு லட்சம் திர்ஹம் முதல் பத்து லட்சம் திர்ஹம் வரை அபராதம் என்று 2024-ல் சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். மாட்டிக்கொள்ளும் ஆசிரியருக்கோ ஊர் திரும்புவது ஒன்றுதான் வழி.

சம்பளத்தில் மொத்தத் தொகையைவிட பேசிக் எவ்வளவு என்பதைக் கவனிக்க வேண்டும். பணி முடிவில் கிடைக்கும் கிராஜுவிட்டி, ஓராண்டு பணி முடித்தவர்களுக்கு, முதல் ஐந்தாண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள் பேசிக் என்ற கணக்கில்தான் வரும். இரண்டு பள்ளிகளும் மொத்தம் 5,000 திர்ஹம் தருவதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் பேசிக் 3,000, மற்றதில் 1,500. மூன்றாண்டு கழித்து முதல் பள்ளியில் 6,300 திர்ஹம், இரண்டாவதில் 3,150. ஜூலை, ஆகஸ்ட் விடுமுறைச் சம்பளம் முதல் ஆண்டிலேயே உண்டா, விமான டிக்கெட் ஆண்டுதோறுமா இரண்டாண்டுக்கு ஒருமுறையா, தங்குமிடம் என்றால் தனி அறையா நான்கு பேர் பகிர்வதா என்பவையும் எழுத்தில் வர வேண்டும். தகுதிகாண் காலம் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. பாஸ்போர்ட்டைப் பள்ளி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. ஆள் எடுத்த செலவை ஆசிரியர் தலையில் கட்டக் கூடாது. 2021-ல் இயற்றி 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டம் இப்படித்தான் சொல்கிறது. இதற்கு மாறான வரி ஒப்பந்தத்தில் இருந்தால், அந்த நிர்வாகம் எப்படிப்பட்டது என்று விமானம் ஏறும் முன்பே தெரிந்துவிடும்.

சான்றிதழ் வேலையைக் கடைசி நேரத்துக்குத் தள்ளாதீர்கள். பட்டத்துக்கு முதலில் சென்னையில் மாநில உயர்கல்வித் துறை, பிறகு வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், அங்கே போனபின் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம் என்று வரிசையாக அட்டஸ்டேஷன் ஆக வேண்டும். 2018-ல் இந்திய ஆசிரியர்கள் பலர் சமநிலைச் சான்று (நம் பட்டத்தை அங்குள்ள பட்டத்துக்கு இணையாக ஏற்கும் சான்று) கிடைக்காமல் வேலையை இழக்கும் நிலைக்கு வந்தார்கள். நம் மதிப்பெண் பட்டியலில் ‘இன்டர்னல்’, ‘எக்ஸ்டர்னல்’ என்று தேர்வு மதிப்பெண்ணைப் பிரித்துப் போடுவதை, கல்லூரிக்குப் போகாமல் வெளியிலிருந்து படித்ததாக அங்கே எடுத்துக்கொண்டதுதான் காரணம். முழுநேரமாகக் கல்லூரியில் படித்தவர்கள் அதைக் குறிப்பிட்டுப் பல்கலைக்கழகத்திடம் இப்போதே கடிதம் வாங்கி வைப்பது நல்லது. தொலைநிலைக் கல்வியில் பட்டம் பெற்றவர்கள் அதை மறைக்காமல் பள்ளியிடம் சொல்லி, அனுமதி கிடைக்குமா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். அசல் சான்றிதழை அட்டஸ்டேஷனுக்குக் கொடுத்தால் ரசீதோடு கொடுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று ஏஜென்ட்டிடம் விட்டுவைக்காதீர்கள்.

ஏஜென்ட் வழியாகப் போகிறவர்கள் அவர் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்றவர்கூட 30,000 ரூபாயும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 35,400 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. இரண்டு லட்சம், மூன்று லட்சம் என்று கேட்பவரிடம் ரசீது கேட்டுப் பாருங்கள், தர மாட்டார். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அங்கும் விசாரிக்கலாம்.

உங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். வெளிநாட்டு வேலை விளம்பரம் கொடுப்பவரின் பதிவு எண்ணையும் பள்ளியின் முழுப் பெயரையும் கேட்டு வாங்கி, இரண்டையும் விளம்பரத்திலேயே அச்சிடுங்கள். எண்ணும் பெயரும் தர மறுப்பவரின் விளம்பரத்தை ஏற்காதீர்கள்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியப் பயிற்றுநர்,
திருச்சிராப்பள்ளி