மணகோலம் ஏன் கம்ப்யூட்டருக்குத் தெரியல?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காரைக்குடி செக்காலையில இருந்து எழுதுறேன். புரோகிராமர். சென்னையில ஒரு கம்பெனியில ரொம்ப வருஷம் வேலை பாத்துட்டு இப்ப ஊரோட வந்துட்டேன், சுத்துவட்டாரக் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செஞ்சு குடுக்குறேன். போன தை மாசத்துல இருந்து, வேலையில எனக்குப் புரிஞ்சத எல்லாம் தமிழ்ல எழுதி, யாரு வேணாலும் படிக்கிற மாதிரி பொதுவுல போட ஆரம்பிச்சிருக்கேன். அது ஏன்னு சொல்லவும் உங்ககிட்ட ஒண்ணு கேக்கவும்தான் இந்தக் கடிதம்.

பலகாரக் கடை வச்சிருக்குற ஒரு ஆச்சிக்கு பில்லிங் போட்டுக் குடுத்தேன். சீப்பு சீடை, தேன்குழல், மாவுருண்டை, அதிரசம் எல்லாம் தேடுனா டக்குனு வருது, மணகோலம் மட்டும் வரல. ஆச்சி போன் பண்ணி, "தம்பி, லிஸ்ட்ல மணகோலம் இருக்குறத கண்ணால பாக்குறேன், தேடுனா இல்லேங்குதே, வந்து என்னான்னு பாரு"ன்னாக. போய் உக்காந்து பாத்தா திரையில ரெண்டும் ஒண்ணுதான், ஒரு புள்ளி வித்தியாசம் கிடையாது. ரெண்டு ராத்திரி போச்சு. கடைசியில எழுத்த ஒவ்வொண்ணா உடைச்சுப் பாத்தப்பதான் பிடிபட்டுச்சு.

கடையில பழைய விலைப்பட்டியல் பாமினிங்கிற பழைய தமிழ் எழுத்துருவுல அடிச்சு வச்சிருந்தாக, அத ஒரு கன்வர்ட்டர்ல போட்டு, எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு மாத்தி நான்தான் ஏத்துனேன். பாமினியில 'கோ' அடிக்கணும்னா கண்ணுக்குத் தெரியுற வரிசையிலயே அடிக்கணும், முதல்ல இரட்டைக்கொம்பு, அப்புறம் க, அப்புறம் துணைக்கால். கன்வர்ட்டர் கொம்பத் தூக்கி க-வுக்குப் பின்னாடி வச்சிட்டு துணைக்கால அப்படியே விட்ருச்சு, ஆக அந்த 'கோ' மூணு துண்டு. ஆச்சி இப்ப தேடுறதுக்கு அடிக்கிற 'கோ'வுல க ஒண்ணு, ஓகாரக் குறி ஒண்ணு, ரெண்டே துண்டு. யூனிகோடுல ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூணு குறிக்கும் இப்படி ரெண்டு வழி உண்டு, ரெண்டும் செல்லும், பாக்க ஒண்ணாதான் இருக்கும், ஆனா தேடுற மிஷினுக்கு அது வேற சொல் இது வேற சொல். சேமிக்கிறப்பவும் தேடுறப்பவும் என்எஃப்சி-ங்கிற ஒரே வடிவத்துக்கு நார்மலைஸ் பண்ணிட்டா வேலை முடிஞ்சுது. நான் புரோகிராம் எழுதுற பைத்தான் மொழியில அதுக்கு ஒரே ஒரு வரிதான்.

இதுல எனக்கு மனசு ஆறாதது என்னன்னா, இதே கோளாற நாலு வருஷம் முன்னாடி அந்த சென்னை கம்பெனியிலயே நான் பாத்திருக்கேன், சரியும் பண்ணியிருக்கேன். லோகநாதன், சொக்கலிங்கம்னு வர்ற வாடிக்கையாளர் பேரெல்லாம் தேடுனா வராம கெடந்துச்சு. எப்படி சரி பண்ணேன்னு ஆபீஸ் சாட்ல விலாவாரியா எழுதியும் போட்டேன். வேலைய விட்டப்ப லேப்டாப்ப குடுத்துட்டு வந்தேன், கணக்க மூடிட்டாங்க, நான் எழுதுனதும் அதோட போச்சு. நானே கண்டுபிடிச்சத நானே திரும்ப ரெண்டு ராத்திரி முழிச்சுக் கண்டுபிடிக்க வேண்டியதாயிருச்சு.

எங்க ஐயா பள்ளத்தூர்ல ஒரு செட்டியார் வீட்டுல கணக்கப்பிள்ளையா இருந்தவுக. அன்னன்னைக்கு வரவு செலவு அன்னன்னைக்கே குறிப்பேட்டுல ஏறிறணும், அப்புறம் பேரேடு, அப்புறம் ஐந்தொகை போட்டு ரெண்டு பக்கமும் நேராகணும், ஒரு அணா இடிச்சாலும் சோறு இறங்காது அவுகளுக்கு. தப்பா எழுதிட்டா சுரண்டி அழிக்கவே மாட்டாக. மேல ஒரு கோடு இழுத்து, பக்கத்துல சரியானத எழுதுவாக, அடிச்சது என்னான்னு நாளைக்கு ஒருத்தன் படிக்கணும்ல. கிட்-னு ஒரு சாஃப்ட்வேர் வச்சு நாங்க புரோகிராமருங்க தினம் செய்றதும் இதேதான், பழசு அழியாது, எப்ப எது மாறுச்சுன்னு நிக்கும்.

அதனால நான் எழுதுறப்ப தப்பா முயற்சி பண்ணதையும் சேத்தே எழுதுறேன். மணகோலத்துக்கு முதல்ல இடைவெளி ஏதும் கூட இருக்கான்னு பாத்தேன், அப்புறம் எழுத்துரு மேல சந்தேகப்பட்டேன், அப்புறம் டேட்டாபேஸ் செட்டிங்க நோண்டுனேன், மூணும் வீண். அடுத்து வர்றவங்களும் இந்த மூணு இடத்துலதான் போய் முட்டுவாங்க, அவங்களுக்கு அந்த ராத்திரி மிச்சமாகணும்.

இங்கிலீஷ்ல இதெல்லாம் இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு. ஆனா நான் பாத்த விளக்கத்துல பாதிக்கு மேல பிரெஞ்சு எழுத்து ஒண்ண எடுத்து, e-க்கு மேல ஒரு கோடுன்னுதான் ஆரம்பிக்குது, அதப் படிக்கிற நம்ம ஊரு புள்ள இது நமக்கு இல்லைன்னு தாண்டிப் போயிரும். மணகோலம்னு சொன்னா ஒரு நிமிஷத்துல பிடிச்சுக்குது. தேவகோட்டையில பிசிஏ படிக்கிற பொண்ணு ஒண்ணு நான் எழுதுனதப் படிச்சிட்டு, "அண்ணே, அப்ப காரைக்குடிக்கு எத்தன எழுத்து?"ன்னு கேட்டுச்சு. நாம எண்ணுனா 5. பைத்தான்ல நீளம் கேட்டா, கால், கொம்பு, புள்ளியெல்லாம் தனித்தனியா எண்ணி 10. யுடிஎஃப்-8ங்கிற முறையில சேமிச்சா 30 பைட். அங்க இருந்து பேச்சு எஸ்எம்எஸ்-க்குப் போச்சு. ஒரு எஸ்எம்எஸ்ங்கிறது 140 பைட், பைட்டுக்கு 8 பிட், இங்கிலீஷ் எழுத்து ஒண்ணுக்கு 7 பிட் போதும், அதனால 160 கொள்ளும், நடுவுல ஒரே ஒரு தமிழ் எழுத்து வந்துட்டாலும் மொத்தத்துக்கும் எழுத்துக்கு 16 பிட் ஆகிரும், 70தான் கொள்ளும், அந்த 70லயும் காரைக்குடி மட்டுமே 10 தின்னுரும். ஆர்டர் ரெடின்னு ஆச்சி தமிழ்ல அனுப்புற செய்திக்கு ஏன் ரெண்டு எஸ்எம்எஸ் காசு போகுதுன்னு அந்தப் பொண்ணே கணக்குப் போட்டு சொல்லிருச்சு.

எழுதுறவங்க யாருமே இல்லைன்னு சொல்லல. கணியம் மின்னிதழ் 2012-லயே கட்டற்ற மென்பொருள் பத்தி தமிழ்ல எழுத ஆரம்பிச்சிருச்சு, அதுக்கு நன்றிக்கடன் பட்டவன் நான். ஆனா எழுதுறவங்க இன்னும் பத்து மடங்கு வேணும். வார்த்தைக்குப் பயப்படாம எழுதலாம்னு என் எண்ணம், எழுத்துரு, கோப்பு, தேடல் எல்லாம் நல்லா பழகிருச்சு, அத எழுதுவோம், பிரிண்டர பிரிண்டர்னே எழுதுவோம், கடையில அப்படித்தான சொல்றாங்க.

பக்கத்துல கோட்டையூர்ல விளம்பரப் பலகை எழுதுனவரு ரோஜா முத்தையா. புத்தகம், பத்திரிகை, துண்டு நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகைன்னு கைக்குக் கிடைச்ச அச்செல்லாம் சேத்தாரு. 1992-ல காலமானாரு, அந்தச் சேகரிப்பு 1994-ல சென்னையில ஆராய்ச்சி நூலகமாச்சு. அது காகிதத்துல வெளிய வந்ததால அவரு கைக்குச் சிக்குச்சு. எங்காளுக எழுதுறது கம்பெனி சாட்டுக்குள்ள பூட்டிக் கெடக்கு, யாரு போய் எடுக்குறது?

இப்ப உங்ககிட்ட கேக்குறது. உங்க ஞாயிறு இணைப்புல புது போன் எது, கேமரா எப்படின்னு வருது, வரட்டும். அதோட மாசத்துக்கு அரைப்பக்கம், வேலை பாக்குறவங்க தமிழ்ல எழுதுறதுக்கு ஒதுக்குங்க. முதல் கட்டுரைக்கு நீங்க வெளிய ஆளத் தேட வேண்டாம். தமிழ்ப் பத்திரிகைகள் எல்லாம் இணையத்துக்கு வந்த புதுசுல ஆளுக்கொரு எழுத்துரு வச்சிருந்தாங்க, அப்புறம்தான் யூனிகோடுக்கு வந்தாங்க. உங்க ஆபீஸ்லயும் அந்தப் பழைய பக்கங்கள மாத்துறதுக்கு யாரோ ஒருத்தரு ராத்திரி முழிச்சிருப்பாரு, கொம்பும் காலும் அவரையும் படுத்தியிருக்கும். அவர எழுதச் சொல்லுங்க, எதெது தப்பாப் போச்சுங்குறதையும் சேத்து. ஆச்சியோட பழைய கணக்குக் கோப்பு இன்னும் ரெண்டு பாமினியில கெடக்கு, நான் அதப் பாத்துத்தான் மாத்தணும்.

இப்படிக்கு,
ஒரு புரோகிராமர்,
செக்காலை, காரைக்குடி.