ரெஹோவோத்திலிருந்து ஒரு மிக்தாவ்

அன்புள்ள கதிரேசன் அவர்களுக்கு,

வணக்கம். கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, நீங்களே கைப்பட எழுதும் அளவுக்குத் தேறிவிட்டீர்கள் என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி. இந்த வயதில் எபிரேயம் படித்து என்ன சாதிக்கப் போகிறீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். இங்கே இஸ்ரேலின் ரெஹோவோத் நகரில், மகளின் ஆராய்ச்சிப் பணி முடியும்வரை பேரனைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவதும் கடைக்குப் போய் வருவதும் என் பொறுப்பு. அதற்கு வேண்டிய மொழி கிடைத்தால் போதும் என்றுதான் உல்பான் என்னும் மாலை வகுப்பில் சேர்ந்தேன். ஆனால் முப்பது ஆண்டுகள் பகுபத உறுப்பிலக்கணம் நடத்தியவன், ஒரு சொல்லைப் பிரித்துப் பார்க்காமல் எப்படி விழுங்குவேன்?

நம் பகுபதத்தில் பகுதி முன்னே நிற்க, இடைநிலையும் சாரியையும் விகுதியும் பின்னால் வரிசையாக வந்து சேர்கின்றன. இங்கே ஷோரெஷ், அதாவது வேர், என்பது பெரும்பாலும் மூன்று மெய்கள் மட்டுமே. உயிர்கள் அந்த மெய்களின் இடுக்குகளில் புகுந்து வெளியேறும்போதெல்லாம் சொல் மாறிவிடுகிறது. க்-த்-வ் என்றால் எழுதுதல். அதிலிருந்து மிக்தாவ் என்றால் கடிதம், க்தோவெத் என்றால் முகவரி, கத்தாவ் என்றால் செய்தியாளர், க்தீவ் என்றால் எழுத்துக்கூட்டல். மெய்யை உடம்பென்றும் உயிரை உயிரென்றும் பெயரிட்ட நம் இலக்கணத்தாருக்கு இந்தக் கூடுவிட்டுக் கூடு பாயும் வித்தை மிகவும் பிடித்திருக்கும்.

நான் இருக்கும் ஊரின் பெயரே எனக்கு முதல் பாடமாயிற்று. ர்-ஹ்-வ் என்பது அகலத்தைக் குறிக்கும் வேர். ரஹாவ் என்றால் அகலமானது, ரெஹோவ் என்றால் தெரு, ரஹாவா என்றால் திறந்த சதுக்கம். ஈசாக்கு தோண்டிய கிணறுகளுக்காகச் சண்டை மூண்டு, யாரும் சண்டைக்கு வராத கிணறு ஒன்று கடைசியில் வாய்த்தபோது, இடம் கிடைத்தது என்ற மகிழ்ச்சியில் அதற்கு ரெஹோவோத் என்று பெயரிட்டதாக ஆதியாகமத்தில் வருகிறது. தமிழ் வேதாகமத்தில் அதுவே ரெகொபோத். 1890-இல் இங்கே குடியேறியவர்கள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள்.

வேரைவிட எனக்கு அதிகம் உதவியது மிஷ்கல் எனப்படும் அச்சு. ஒரே அச்சில் வெவ்வேறு வேர்களை ஊற்றினால் பெரும்பாலும் ஒரே வகைப் பொருள் கிடைக்கும். அதோம் என்றால் சிவப்பு, அதேமெத் என்றால் ருபெல்லா என்னும் அம்மை நோய். த்ஸாஹோவ் என்றால் மஞ்சள், த்ஸாஹெவெத் என்றால் மஞ்சள் காமாலை. கெலெவ் என்றால் நாய், கலெவெத் என்றால் வெறிநாய்க்கடி நோய். இதையெல்லாம் மருத்துவமனைச் சுவரொட்டிகளில் படித்துப் பெருமிதத்தோடு திரிந்த எனக்கு, ரயில் நிலையப் பலகையில் ரக்கெவெத் என்று கண்டபோது இது என்ன கொள்ளைநோயோ என்று திக்கென்றது. ரயிலுக்கே அதுதான் பெயர். ஏறிச் செல்லுதல் என்னும் வேரை அதே அச்சில் வார்த்திருக்கிறார்கள்!

மளிகைக் கடையில் இன்னொரு வேடிக்கை. பணம் கொடுத்ததும் அந்தப் பெண் "கபலா?" என்றாள். யூத மறைஞானத்தைப் பற்றி இவள் ஏன் என்னிடம் விசாரிக்கிறாள் என்று விழித்தேன். பெற்றுக்கொள்ளுதல் என்னும் வேரிலிருந்து வந்த சொல் அது. முன்னோரிடமிருந்து பெற்ற ஞானமும் கபலா, கடைக்காரர் தரும் ரசீதும் கபலா. நம் பற்றுச்சீட்டும் பற்றிலிருந்துதானே வந்தது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வீடு வந்தேன்.

ஆயினும், வேர் தெரிந்தால் மொழி வசப்பட்டுவிடும் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. ரொட்டிக்கு லெஹெம், போருக்கு மில்ஹாமா. இரண்டிலும் ல்-ஹ்-ம் என்ற அதே மூன்று மெய்கள். இதை வைத்து உணவுக்காகத்தான் போர் என்று தத்துவம் பேசலாமே தவிர, முன்பின் கேட்டிராத சொல்லின் பொருளை ஊகிக்க முடியாது. போதாக்குறைக்கு, அன்றாட எழுத்தில் உயிர்க்குறிகளைப் போடுவதில்லை. ஸ்-ப்-ர் என்ற மூன்றெழுத்துப் பலகையைக் கண்டு புத்தகக் கடை என்று உள்ளே நுழையப் போனேன். ஸெஃபெர் என்றால் புத்தகம், ஸப்பார் என்றால் முடிதிருத்துபவர். கண்ணாடிக்குள் கத்தரிக்கோலைப் பார்த்த பிறகே தெளிந்தேன். ஆகவே இப்போது சொல்லை முதலில் தெருவில் கேட்டுக்கொண்டு, வேரை வீட்டுக்கு வந்து தேடுகிறேன். அப்படிக் கற்ற சொல் மறப்பதில்லை.

வேருக்குள் அடங்காத ஒரு சொல் உங்களுக்காக. சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்த மயில்களுக்கு 1 இராஜாக்கள் 10-ஆம் அதிகாரத்தில் துக்கியீம் என்று பெயர். அது நம் தோகைதான் என்று கால்டுவெல் வாதிட்டது உங்களுக்குத் தெரியும். இன்றைய எபிரேயத்தில் துக்கி என்றால் கிளி! மயிலுக்கு வேறு சொல் வந்துவிட்டது. பேரனின் படப் புத்தகத்தில் பச்சைக் கிளிக்குக் கீழே அந்தச் சொல்லைக் கண்டதும் உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன். உங்கள் அலமாரியிலுள்ள கால்டுவெல்லைப் புரட்டி, அவர் எழுதியிருப்பதை அப்படியே படியெடுத்து அனுப்புங்கள். கண் முழுவதும் தேறிய பிறகு போதும்.

அன்புடன்,
சிதம்பரம்