கட்டைக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்காக

2020 ஜூலையில் கொரோனா தொற்று வந்து சைதாப்பேட்டையில் எங்கள் கோழிக்கடையைத் தகரம் அடித்து மூடியபோது கை கொடுத்தவர்களுக்கு, அப்போதே எழுதியிருக்க வேண்டிய மடல் இது. கடனை அடைத்துவிட்டு எழுதலாம் என்று தள்ளித் தள்ளி இத்தனை வருஷம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சரக்கு இறக்கும் மொத்த வியாபாரி அண்ணனுக்கு முதல் கும்பிடு. கோழி தின்றால் கொரோனா வரும் என்று அந்த மார்ச்சில் வாட்ஸ்அப்பில் எவனோ கிளப்பிவிட, பல்லடத்தில் நிர்ணயிக்கிற கறிக்கோழிப் பண்ணை ரேட் தரையைத் தொட்டது. நாற்பது நாளில் இரண்டு கிலோவில் போகவேண்டிய கோழி, எடுக்க ஆளில்லாமல் தீவனம் தின்றபடியே பண்ணையில் பெருத்துக்கொண்டிருந்தது. அவ்வளவு நஷ்டத்திலும் "வித்துட்டுக் குடு தம்பி" என்று கூண்டை இறக்கிவிட்டுப் போனார்.

அப்புறம் என் கடைப் பையன்கள். அசாமிலிருந்து இரண்டு பேர், விழுப்புரம் பக்கம் மூன்று பேர், கடைக்குப் பின்னால் ஒரே ரூம். ஜூலை முழுக்க ஞாயிறு தோறும் முழு ஊரடங்கு என்பதால் சனிக்கிழமை கூட்டம் தெருமுனை வரை நிற்கும். அவர்களுக்காக வெளியே சுண்ணாம்பில் வட்டம் வட்டமாகப் போட்டேன். உள்ளே உரிப்பவனும் வெட்டுபவனும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள், மாஸ்க் பத்து நிமிஷத்தில் நனைந்துவிடும், இறக்கை பிடுங்கும் மெஷின் சத்தத்தில் "தோலோடவா, தோல் இல்லாமலா" என்று கேட்கவே காதருகே வாய் வைக்க வேண்டும். அங்கே வட்டம் போட எனக்குத் தோன்றவே இல்லை. ஏப்ரலில் அமெரிக்காவில் சியூ ஃபால்ஸ் என்ற ஊரில் பன்றிக்கறி ஆலையில் நூற்றுக்கணக்கானவர்களுக்குத் தொற்று வந்து மூடினார்கள் என்ற செய்தியைப் பார்த்து, அது பெரிய ஆலை, நமக்கென்ன என்றவன்தானே நான்.

அவர்களில் ஒரு பையன் இருமுவதைக் கவனித்து, என்னைத் திட்டி, அவனைக் காய்ச்சல் முகாமுக்கு இழுத்துப்போன மெடிக்கல் ஷாப் அக்காவுக்கு என்ன சொல்வது? தொற்று என்று அவனைக் கொண்டுபோன பிறகு உள்ளே அடைபட்ட நான்கு பேருக்கும் பதினான்கு நாளும் மாடியிலிருந்து கயிறு கட்டி ரசம் சாதம் இறக்கிய பாட்டிக்கும், கடை திறந்த அன்றே வழக்கம்போல வந்து ஒரு கிலோ கேட்ட ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்களுக்கும் நன்றி.

அசாம் பையன்கள் வீட்டோடு பேச, தினமும் செல்போனுக்கு ரீசார்ஜ் போட்டது யாரென்று மட்டும் இன்றுவரை தெரியவில்லை. இதைப் படித்தால் ஒரு ஞாயிறு கடைப்பக்கம் வாருங்கள், ஈரல் தனியாக எடுத்து வைக்கிறேன்.